பக்கத்து அறைச் சிரிப்பு

மறுபடியும் அந்தச் சிரிப்பு. பலகைத் தடுப்புக்கு அப்பால் ஓர் இளம்பெண் சிரித்தாள். கூடவே ஓர் ஆண் குரல் தணிந்து ஏதோ சொன்னது. பெரிய டீச்சரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

சற்று முன்புவரை இந்தப் புது ஆசிரியை இவள் எதிரே உட்கார்ந்து கண் கலங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போனவள் நேராகப் பக்கத்து அறைக்குள் நுழைந்தாள். இங்கே அழுகை, அங்கே சிரிப்பு.

தமிழும் ஆங்கிலமுமாகப் பாடம் நடக்கும் அந்தப் பள்ளியில், ஆசிரியர்களைப் பழக்கும் ஆசிரியர்கள் இருவர்தான். வகுப்புகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து ஆலோசனை சொல்வது பெரிய டீச்சரின் வேலை. ஆலோசனை அறைக் கதவைச் சாத்திவிட்டால் அவளுடைய ஆங்கிலம் அருவியாகக் கொட்டும். இன்னொருவர் பிளாஸ்க் சார். பாடக் கருவிகள் செய்வது அவர் வேலை. பிளாஸ்கிலிருந்து ஒரு தம்ளர் டீ ஊற்றித் தராமல் யாரோடும் பேச்சைத் தொடங்கமாட்டார்.

இனிமேல் பயிற்சிக்கு ஒரே தலைமை என்று முடிவாகியிருந்தது. தமிழ்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியைகளிடம் கருத்துக் கேட்டு, தலைமையாசிரியை இன்று மாலை ஆளைச் சொல்லிவிடுவார். அந்த நாற்காலிக்காகப் பெரிய டீச்சர் கறுத்த முடியெல்லாம் வெளுக்கக் காத்திருந்தாள்.

தாழ்வாரத்தில் பிளாஸ்க் சார் எதிரே வந்தார். "டீ குடிக்கிறீங்களாக்கா?"

"வேண்டாம். உங்க கடையில கூட்டம் அலைமோதுது போல?"

"சரக்கு நம்மளது இல்லக்கா. நான் வெறும் சில்லறைக் கடை." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

குத்திக்காட்டுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஜன்னலோரம் போய் நின்றாள். மைதானம் காலியாகக் கிடந்தது. அவளுக்கு என்ன குறை? போன மாதம் பயிற்சியின் தொடக்கத்தில் மேடையேறி, "பிள்ளை தலையாட்டினா நம்பிடாதீங்க. புரியாத பிள்ளைதான் பலமா ஆட்டும்" என்று தமிழில் சொன்னபோது இதே பெண்கள்தானே கைதட்டினார்கள்? இப்போது மட்டும் ஒவ்வொருத்தியாக அவர் அறை வாசலில் போய் ஏன் நிற்கிறார்கள்?

வகுப்புக்குள் காலே வைக்காத மனிதர். பாடத்தைப் பார்க்காமல் பாடத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? தேன் தடவிய நாலு வார்த்தை, ஒரு தம்ளர் டீ. அதற்கு இத்தனை மவுசு.

நெடுநேரம் அப்படியே நின்றவள், விறுவிறுவென்று தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், பிளாஸ்க் சார் என் வேலையில தலையிடறார். நான் வகுப்பைப் பாத்துச் சொன்ன பிறகு, ஒரு வகுப்பையும் பாக்காத அவர் எதையோ சொல்லி அனுப்பறார். இப்ப அவர் அறைக்குப் போன புதுப் பொண்ணையே கூப்பிட்டுக் கேளுங்க."

அந்தப் பெண் வந்தாள். இவளைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. சார் உனக்கு என்ன சொன்னார்?" என்றார் தலைமையாசிரியை.

"நான் கேள்வி கேட்டுட்டு, பிள்ளைங்க யோசிக்கறதுக்குள்ள நானே பதிலையும் சொல்லிடறேனாம். கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு நிக்கணுமாம். ஜன்னலோரப் பையன் மக்கு இல்லையாம். ஒரு மொழியில யோசிச்சு இன்னொரு மொழியில சொல்ல அவனுக்கு நேரமாகுதாம்."

பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "இது நான் சொன்னது! அப்படியே நான் சொன்னது! பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒட்டுக்கேட்டு, சொந்தச் சரக்கு மாதிரி வித்திருக்கார்!"

"ஐயோ, இல்லைங்க டீச்சர்!" பெண் பதறினாள். "எங்க எல்லாருக்குமே, 'பெரிய டீச்சர் சொன்னது இதுதாம்மா'ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பார். சொந்தமா ஒரு வார்த்தை சேத்ததில்லை."

எழுந்தவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அங்க என்ன சிரிப்பு?" பெரிய டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க என்னைத் திட்டறீங்கன்னு நினைச்சுதான் டீச்சர் இங்க அழுதேன். என் குரலைக் கேட்டா கடைசி பெஞ்சுப் பையன்கூட நிமிர்ந்து உக்கார்றான்னு பாராட்டினீங்களாமே? சார் சொன்னப்பதான் தெரிஞ்சுது. சந்தோஷத்துல சிரிச்சுட்டேன்."

பெரிய டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாயாரப் பாராட்டியதைக் கேட்டு யாராவது அழுவார்களா?

"நான் சொன்னப்ப எல்லாத்துக்கும் பலமா தலையாட்டினியே! அப்புறம் எதுக்கு அங்க போய்க் கேட்டே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னதெல்லாம் இங்கிலீஷ்ல, டீச்சர்."