துணை பேட்டரி

"சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணையணும். ஒரு மாசமா அணையவே மாட்டேங்குது" என்றார் காரைக் கொண்டுவந்த கணவர். பக்கத்தில் மனைவி.

மெக்கானிக் திறந்து பார்த்தார். பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லை. இன்ஜின் அணைந்திருக்கும்போது பாட்டுக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரும் சின்ன துணை பேட்டரிதான் உயிரை விட்டிருந்தது. ஆறு மாதத்தில் இது மூன்றாவது.

"யாரோ இன்ஜினை அணைச்சுட்டு, உள்ள உக்காந்து தினமும் பாட்டு கேக்கறாங்க சார்."

"எங்களுக்கு ஏதுங்க அதுக்கெல்லாம் நேரம்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பத்தாவது நிமிடம், கணவர் மட்டும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அண்ணே, நான்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம் கார்லயே உக்காந்திருப்பேன். வீட்டுக்குள்ள போனா காது ரெண்டும் போயிடும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

அவர் தலை மறைந்ததும் போன் அடித்தது.

"அண்ணே, நான்தான். காய்கறி வாங்கறேன்னு சொல்லிட்டு, கார்ல பாட்டைப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப்பேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க."

மெக்கானிக் வயிறு குலுங்கச் சிரித்தார். புது பேட்டரியை மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சிக்னலில் இன்ஜின் சமர்த்தாக அணைந்தது. பட்டறையை மூடும் நேரத்தில் மெக்கானிக்கின் மனைவி போனில் அழைத்தாள்.

"எப்ப வருவீங்க?"

"ஒரு வண்டி ரொம்பப் படுத்துது. இன்னும் ஒரு மணி நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, அந்தக் காரின் சீட்டை நன்றாகச் சாய்த்துக்கொண்டு பாட்டைப் போட்டார் மெக்கானிக்.