நாங்கள் நாலு பேர்

“லாரியில நாலு பேர்னு போட்டிருக்கு. ஒருத்தர்தான் நிக்கிறீங்க?” என்று கேட்டார் வாசல் காவலர்.

பொங்சூவுக்குச் சுள்ளென்று வந்தது. “மத்த மூணு பேருக்கும் வேலை இருக்கு. ஒருத்தன் கத்தினா உங்க கம்பெனிக்குக் காது கேக்காதா?”

“கோச்சுக்காதீங்க தம்பி. போன வாரம் வந்த லாரிக்கு ஆயிரம் பேர் சேர்ந்து காசு போட்டாங்களாம், அதான் கேட்டேன்.”

“இதுக்கு நான் ஒருத்தன்தான் போட்டேன். என் போனஸ், என் லாரி, என் கோபம். போய் மேல சொல்லுங்க.”

விளையாட்டுக் கம்பெனிமேல் கோபம் வந்தால், ஆடுகிறவர்கள் காசு போட்டு வாடகை லாரியில் வாசகம் எழுதி வாசலில் நிறுத்துவது அங்கே வழக்கம். இந்த லாரியின் பக்கவாட்டில் ஒளிப்பலகை எரிந்துகொண்டிருந்தது. ‘ஒன்பது வாசல் கோட்டையை மூடாதே. நாங்கள் நாலு பேர் இருக்கிறோம்.’ கொரியாவின் பாங்யோ நகரத்து டிசம்பர் குளிரில் நின்று அதைப் படிக்க எவனுக்கும் பொறுமை இல்லை. எல்லாரும் காபி கோப்பையும் கையுமாகக் கடந்து போனார்கள்.

வருஷக் கடைசியில், தனக்குப் பிடித்த ஐந்து கணினி விளையாட்டுகளை வரிசைப்படுத்தி இணையத்தில் எழுதுவது பொங்சூவின் வழக்கம். இந்தத் தடவை புதுசாக வந்த பெரிய பெரிய விளையாட்டுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஆதிகாலத்து ‘ஒன்பது வாசல் கோட்டை’யை முதல் இடத்தில் வைத்தான். ‘செத்த விளையாட்டுக்கு மாலை போடுறியா’ என்று ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், இந்த மாதக் கடைசியோடு அதை மூடுவதாகக் கம்பெனியே அறிவித்துவிட்டது. வயிறு எரியாதா?

ஒரு பெண் முழங்கால் வரை தொங்கும் பஞ்சு வைத்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அந்த விளையாட்டை நடத்தும் பொறுப்பு தன்னுடையது என்றாள். அவனைக் கீழ்த்தளத்துச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய், சூடாக பார்லித் தேநீர் வைத்தாள்.

“உக்காருங்க சார். சாப்பிட்டீங்களா?”

“சோத்தைப் போட்டு அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா? மூட மாட்டோம்னு எழுதிக் குடுங்க, போயிடறேன்.”

“மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க சார். ஆளே இல்லாத விளையாட்டுக்கு எதுக்குச் செலவுன்னு கேக்குறாங்க.”

“ஆளில்லையா? நாங்க நாலு பேர் தினமும் வர்றோம், மனுஷங்களாத் தெரியலையா? நாலு பேர் சேர்ந்து நின்னாத்தான் கோட்டைக் கதவு திறக்கும்னு வச்சது நீங்கதானே? ஜனவரி பூரா அந்தக் கதவுகிட்ட நான் ஒத்தையில நின்னேன். ஒரு நாய் எட்டிப் பாக்கலை. அப்புறம்தான் இவங்க மூணு பேரும் வந்தாங்க.”

மூணு பேர் என்றால் உருளைக்கிழங்கு, மலைக்கரடி, தூங்குமூஞ்சி. விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர்கள்தான். அதற்கு மேல் அவனும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. லாரியோடு வரச் சொல்லி மூவரையும் அவன் கூப்பிடத்தான் செய்தான். அன்றைக்கு ஆபீஸ் இருக்கு என்று மூவருமே நழுவிவிட்டார்கள். ஆனாலும் அவர்களை அவனால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. குளிர்பதனக் கிடங்கில் நாளெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவனிடம் ‘சாப்பிட்டீங்களாண்ணே’ என்று கேட்க, உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

“எப்பேர்ப்பட்ட ஆளுங்க தெரியுமா? ஒருத்தர் பேசினா மத்த ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒருத்தர் சண்டை போட்டா மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அப்படி ஒரு மரியாதை. உங்க ஆபீஸ்ல இருக்கா அது?”

அந்தப் பெண் தேநீரை ஒரு மடக்கு குடித்தாள். “நீங்க எழுதினதைப் படிச்சேன். தூங்குமூஞ்சியைப் பத்தி மட்டும் ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க.”

“படிச்சிட்டும் மூடுறீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க. என்னிக்காவது ஒரு நாள் உங்க விளையாட்டை நீங்க உக்காந்து ஆடியிருக்கீங்களா? ஆடியிருந்தா மூட மனசு வருமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, மூடித் தொலைங்க. அவங்க மூணு பேர் போன் நம்பரை மட்டும் குடுத்துடுங்க. மூடிட்டீங்கன்னா நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவள் மேல்தான் கோபம் வந்தது.

“ஆடுறவங்க விவரத்தை வெளியில குடுக்கக் கூடாது சார்.”

“பேரையாவது சொல்லுங்க. நாளைக்குத் தெருவுல எதிர்ல வந்தா கூப்பிட ஒரு பேர் வேண்டாமா? என்ன ஜென்மம் நீங்கல்லாம்?”

அவள் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக் கழற்றி, மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினாள். ‘ஹேரான்’ என்று இருந்தது.

பொங்சூ மேசையை ஓங்கி அறைந்தான். தேநீர் சிந்தி அட்டை நனைந்தது. “உங்க பேரை யாரும்மா கேட்டா? நான் கேட்டது அந்த மூணு பேர் பேரை.”

“மூணு பேரும் நான்தாண்ணே.”