வெறுங்கழுத்து

"தலையில எண்ணெய் வச்சிருக்கியாம்மா?"

"இல்லக்கா. அத்தை ரெண்டு தடவை சீயக்காய் போட்டு அலசிவிட்டாக," என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த வேல்விழி.

பாண்டீஸ்வரி அப்படியும் விடவில்லை. முடியை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். தேனியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆக்சிஜன் பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு நர்ஸ். ஆள் படுக்கிற கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் அந்தப் பெட்டி. உள்ளே அழுத்தம் கொடுத்து நிரப்பிய ஆக்சிஜனைச் சுவாசித்தால் நசுங்கிய கால்கூடப் பிழைக்க வழி உண்டு. ஆனால் ஒரு சின்னப் பொறி பறந்தாலும் ஆளோடு சாம்பல்தான். அதனால் நைலான், எண்ணெய், ஸ்டிக்கர் பொட்டு, நகை எதற்கும் உள்ளே இடம் இல்லை. வெள்ளைப் பருத்தி அங்கி மட்டும்தான்.

முந்தாநாள் காமயகவுண்டன்பட்டிக்குப் பைக்கில் திரும்பிய புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரு ஜீப் அடித்துப் போட்டுவிட்டது. புருஷன் விஜயகுமாருக்குத் தலையில் அடி, மதுரையில் சேர்த்திருந்தார்கள். பெட்டி இங்கே இருந்ததால் கால் நசுங்கிய வேல்விழி தேனிக்கு வந்தாள். இன்றைக்கே சிகிச்சையைத் தொடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி அவுககிட்ட யாராவது போனக் குடுத்தா, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன் அத்தை."

"போன்ல சார்ஜ் இல்ல," என்றாள் மாமியார் அய்யம்மாள்.

அவள் கையில் இருந்த செல்போன் அப்போதுதான் மினுக்கியது. அய்யம்மாள் அதை அமுக்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். பாண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது. பெற்ற மகனோடு மருமகள் பேசுவதில் இந்தக் கிழவிக்கு என்ன நட்டம்?

அய்யம்மாள் மருமகளின் கையில் சோப்பைத் தேய்த்து, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாள். மெட்டியைக் கழற்றினாள். நெற்றிக் குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தாள். அய்யம்மாளின் மணிக்கட்டில் பழைய கீறல் தழும்புகள் இருந்தன. முகத்தில் ஓர் அசைவு இல்லை.

தாலிக்கொடியில் கை வைத்ததும் வேல்விழி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அவுக அங்கன உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கையில நான் வெறுங்கழுத்தா இருக்கவா?"

"பயப்படாத," என்று மேசை இழுப்பறையைத் திறந்தாள் பாண்டீஸ்வரி. இதற்கென்றே புதுப் பருத்தி நூலும் மஞ்சள் துண்டும் வைத்திருந்தாள். "எல்லாருக்கும் செய்யறதுதான். இந்த மஞ்சளை நூல்ல கட்டிக் கழுத்துல போட்டுட்டு, அப்புறமாக் கொடியக் கழத்தலாம். டாக்டருக்கும் தெரியும், இதனால ஒண்ணும் ஆகாது."

வேல்விழியின் முகம் தெளிந்தது.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அய்யம்மாள்.

"ஏன் பெரியம்மா? டாக்டரே சம்மதிச்சது."

"வேண்டாம்னா விடு ஆத்தா. நூலுன்னாலும் நெருப்புக்குப் பயந்துதான் ஆகணும்."

சொல்லிக்கொண்டே மருமகளின் விரல்களைப் பிரித்து, கொடியைத் தலைவழியே எடுத்துத் தன் சுருக்குப்பையில் போட்டாள். வேல்விழி சத்தமில்லாமல் அழுதாள். கொழுந்தன் பெண்டாட்டி ஒருத்தி சொன்ன 'ராசி கெட்டவ' என்ற சொல் நேற்றிலிருந்தே அவளை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது மாமியாரும் அதையே சொல்லாமல் சொல்வதாகத்தான் அவளுக்குப் பட்டது. பாண்டீஸ்வரிக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளை அங்கியோடு அவளைப் படுக்க வைத்துப் பெட்டியை மூடினார்கள். ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது.

அதற்குமேல் பாண்டீஸ்வரியால் வாயை அடக்க முடியவில்லை.

"நீங்களும் ஒரு பொம்பளைதானா? மகனுக்கு அடிபட்டா மருமக என்ன செய்வா? ஒரு மஞ்சள் துண்டுகூட அவளுக்கு ஆகாதா?"

அய்யம்மாள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக வேல்விழி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம பேசுறது உள்ள கேக்குமா?"

"இந்த சுவிட்ச அமுக்கினாத்தான் கேக்கும்."

"அப்ப அமுக்காத."

அய்யம்மாள் மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். தைரியமாகப் படு என்று கையைக் காட்டினாள். சிரிப்பு மாறாமலே பேசினாள்.

"எம் மகன் விடியக்காலமே போயிட்டான் ஆத்தா."

பாண்டீஸ்வரி சட்டென்று பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னா இவ இந்தப் பெட்டிக்குள்ள படுப்பாளா? செத்தாலும் சாவேன்னு மதுரைக்கு எழுந்து ஓடுவா. அவன் போயிட்டான், இவ காலாவது மிஞ்சட்டும். இதுல இருந்து வெளிய வந்ததும் நானே சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்."

"பெரியம்மா... நீங்க அழலையே..."

"அவ பாக்குறால்ல."

பாண்டீஸ்வரி மேசையைப் பார்த்தாள். நூலும் மஞ்சளும் அங்கேயே கிடந்தன. "இருந்தாலும் இதைக் கட்டியிருக்கலாமே பெரியம்மா. அவ மனசுக்காகவாவது, இன்னைக்கு ஒரு பொழுதுக்கு..."

அய்யம்மாள் தழும்பு விழுந்த கையைக் கண்ணாடிக்குத் தெரியாமல் தாழ்த்தி நீட்டினாள்.

"எம் புருஷன் செத்தன்னைக்கு எனக்குக் கல்லுல வச்சு வளவிய ஒடச்சாக. ஊர்ப் பொம்பளைக கூடி நின்னு தாலிய அறுத்தாக. இருபத்தி மூணு வயசு எனக்கு, அவ வயசுதான்."

உள்ளே வேல்விழி மெல்லக் கண்ணை மூடினாள். அதைப் பார்த்த பிறகுதான் அய்யம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுந்தது.

"நாளைக்கு வந்து நிக்கட்டும் எல்லாரும். இனி அவ கழுத்துல அறுக்குறதுக்கு ஒண்ணுமில்ல, ஆத்தா."