கன்னத்தை உப்புங்க பாய்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, கேசவனின் சலூன் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் காலை வெயில் மஹபூப் பாஷாவின் சோப்பு நுரை முகத்தில் விழுகிறது. கத்தி தாடையோரம் லேசாகக் கீறிவிடுகிறது. கேசவன் படிகாரக் கட்டியை எடுத்துத் திரும்புவதற்குள் ரத்தம் கடுகளவு பொட்டாக உறைந்து நிற்கிறது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. பக்கவாதம் வந்து போனதிலிருந்து, ரத்தம் கட்டாமலிருக்க பாய் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் இதே மாதிரி ஒரு கீறலுக்கு எவ்வளவு பஞ்சு வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. “இன்னா பாய், மாத்திரை போட்டுக்கினுதான் வர்றீங்களா?” “போடாம இன்னா? நீ வேலயப் பாரு.” கண்ணாடியில் கேசவனின் கண்ணைத் தவிர்த்து, பவுடர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். வாசலில் நிற்கும் மகள் பர்சானா, “நான்தாண்ணே தெனம் கையில குடுக்கறேன்” என்கிறாள். “முழுங்கனதப் பாத்தியாம்மா?” அவள் அப்பாவைப் பார்க்கிறாள். அவர் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சரி, கன்னத்த உப்புங்க பாய்.” பக்கவாதம் வந்த புதிதில் அந்த இடது கன்னத்தில் காற்று நிற்காது, பொங்கலுக்குப் பிறகு நன்றாகவே நின்றுவந்தது. இப்போது கன்னம் பாதி உப்பி அமுங்குகிறது. இடது வாயோரம் நுரையில் ஒரு குமிழி எழுந்து உடைகிறது. “இன்னொரு வாட்டி உப்புங்க.” மறுபடியும் குமிழி. பாய் ஏதோ சொல்ல வருகிறார்; வார்த்தை குழறுகிறது. கேசவன் கத்தியைக் கீழே வைக்கிறான். “பர்சானா, ஓடிப்போயி ஆட்டோவக் கூப்புடும்மா.”