திரை மறைவில் ஒரு ஸ்பெஷல்

"வயித்தை உப்ப வெச்சு ஏமாத்தாதீங்க. மூச்சை விடுங்க!"

திரைத்துணிக் கடை முதலாளி வேறு வழியில்லாமல் மூச்சை விட்டார். ஊரார் வீட்டு ஜன்னலையெல்லாம் அளந்த அவருடைய நாடா, இப்போது அவருடைய தொப்பையையே சுற்றி வந்திருந்தது. முனை மனைவியின் கையில்.

"நீ இழுத்துப் பிடிக்கிறே."

"இழுத்துப் பிடிச்சு அளக்கிறதெல்லாம் உங்க கடை வழக்கம். எனக்கு அந்தத் தொழில் வராது. குனிஞ்சு நீங்களே பாருங்க."

குனிந்தார். பகீரென்றது. முழுசாக நாலு விரற்கடை குறைந்திருந்தது.

மற்றவர்களாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். முதலாளிக்கோ உயிரே போனது போலிருந்தது. தொப்பை குறைந்தால் அவர் தோற்றார் என்று பந்தயம்.

பால், சர்க்கரை இரண்டையும் நிறுத்தச் சொல்லி டாக்டர் கண்டித்த அன்று ஆரம்பித்த வம்பு அது.

"இனிமே நான்தான் டீ போடுவேன். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. மூணு மாசத்துல தொப்பை குறையலைன்னா உங்க டீ விஷயத்துல தலையிடவே மாட்டேன்" என்றாள் மனைவி.

"குறைஞ்சிட்டா?"

"ஆயுசுக்கும் என் கையால போட்டதைத்தான் குடிக்கணும். மறுபேச்சு கூடாது."

பேரம் பேசாமல் தும்மக்கூட மாட்டார் மனிதர். மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் அவள் நீட்டிய டீயைப் பார்த்ததும் அந்த இரண்டு மாதமும் நீளம் என்று தெரிந்துபோயிற்று. கன்னங்கரேலென்று தண்ணீர். அதில் ஒரு பட்டை, மூழ்கிப்போன படகு மாதிரி. சாயம் போகிற திரையை அலசிக் கொட்டும் தண்ணீர்கூட இதைவிடத் தேவலை.

"எப்படிங்க இருக்கு?"

"தொண்டையில இறங்க மாட்டேங்குது. மத்தபடி ஒண்ணும் குறையில்லை."

குடித்தது பாதி, தொட்டிச் செடிக்கு ஊற்றியது பாதியாக வீட்டைவிட்டுக் கிளம்பியவர் நேரே கடைக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த டீக்கடையில் போய் விழுந்தார்.

"மாஸ்டர், என் நாக்கு செத்துப்போச்சு! கெட்டியா, இனிப்பா, மசாலா தூக்கலா ஒண்ணு போடு. வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது."

டீ மாஸ்டர் ஒரு நாள் தவணை கேட்டார். அடுத்த நாள், "உங்களுக்குன்னே தனியா ஒரு ஸ்பெஷல் தயார் முதலாளி. ஆனா விலை ரெட்டை" என்றார்.

"ரெட்டையா? பகல் கொள்ளையால்ல இருக்கு! ஒன்றரை வெச்சுக்க."

"என் வாய்க்கு நான் போடற பூட்டுக்கும் சேர்த்துத்தான் முதலாளி அந்த விலை."

கொடுத்தார். அவர் சரித்திரத்திலேயே பேரம் படியாமல் கொடுத்த விலை அது ஒன்றுதான். டீக்கடையின் பின்கட்டை மறைத்துத் தொங்கிய திரையும் அவர் விற்றதே. அதன் மறைவில் நின்றுகொண்டு நாளுக்கு ஆறு, ஏழு என்று ஸ்பெஷலை உறிஞ்சினார். பாலாடையைக் கரைத்து விட்டது போல அப்படியொரு கெட்டி.

"பால் எங்கேய்யா வாங்குறே? எருமையா?"

"தொழில் ரகசியம் முதலாளி."

அவரிடமும் தொழில் ரகசியங்கள் நிறைய இருந்ததால் மேலே தோண்டவில்லை. நாக்குக்கும் கொண்டாட்டம், தொப்பையும் இம்மி குறையாது, பந்தயமும் தன் பக்கம் என்று சந்து முழுக்கச் சீட்டியடித்தபடி நடந்தார்.

இரண்டு மாதக் கெடு முடிந்து இப்போது பார்த்தால் நாலு விரற்கடை!

"நியாயமே இல்லை! இது குறையவே குறையாது! நான்தான் தினமும்..."

"தினமும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "தினமும்... நீ கொடுத்ததை ஒழுங்காக் குடிச்சேனேன்னு சொல்ல வந்தேன்."

"தெரியுமே! செடிகூட நல்லாத் தழைச்சிருக்கு. சரி, வாங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல இன்னைக்கு நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

ஆயுள் தண்டனைக் கைதி போல அவர் அடுக்களை வாசலில் நின்றார். ஊறவைத்துத் தோலுரித்த பாதாமோடு நாலு முந்திரியும் ஒரு பேரீச்சம்பழமும் சேர்த்து, வெண்ணெய் மாதிரி விழுதாக அரைத்தாள் அவள். இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் தட்டிப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தேயிலையைப் போட்டு, வடிகட்டி, விழுதைக் கரைத்தாள். கறுப்பு நீர் கண்ணெதிரே பொன்னிறமானது. தோளுயரத்துக்குத் தூக்கி ஆற்றினாள், நுரை பொங்கியது.

"இவ்வளவு வித்தையை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் அந்தக் கண்றாவியைக் கொடுத்தே?"

"ஆறிடப்போகுது, குடிங்க."

ஒரு வாய் குடித்தார். தம்ளர் உதட்டோடு அப்படியே நின்றது. இன்னொரு வாய். அதே கெட்டி. அதே இனிப்பு. கடைசியில் தொண்டையைத் தொடும் அதே இஞ்சிக் காரம்.

"என்னங்க, எங்கேயோ குடிச்ச மாதிரி இருக்கா?"

"சேச்சே! நான் எங்கே போய்க் குடிக்கப்போறேன்!"

"அதானே" என்று தம்ளரில் மீதியையும் ஊற்றினாள் அவள். "நேரா நான் கொடுத்தா பாலில்லைன்னு தள்ளிடுவீங்கன்னுதான், உங்களை அங்கே துரத்தறதுக்காக வாயில வைக்க விளங்காத டீயா தினமும் போட்டு எனக்கே கை கெட்டுப்போச்சு. நாளையிலேருந்து மாஸ்டருக்கு விழுது அரைச்சு அனுப்பறதா இல்லை. அந்த ரெட்டை விலையை இனிமே நேரா என் கையில கொடுத்துடுங்க!"