‘இன்பராஜ்’ ரோஜா

“குப்பைச் செடிம்மா இது. இதெல்லாம் ஒரு பூவா?” என்று மூக்கைச் சுளித்தார் இன்பராஜ்.

ஆம்பூரில் பழைய தோல் மண்டி முதலாளி ஒருவரின் பங்களா அது. பேரன் குர்ஷித் அதை இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறான். “ரோஜா சங்கத் தலைவர் வந்து பாத்து, காப்பாத்த வேண்டிய செடின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த மூலையை விட்டுடறேன்” என்று பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வஹீதாவிடம் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாலு முறை போன் போட்டு இவரை வேலூரிலிருந்து வரவழைத்திருந்தாள் அவள்.

இன்பராஜ் ராணிப்பேட்டையில் முப்பது வருஷம் தோல் ரசாயனம் விற்றுக் காசு பார்த்தவர். அதனால் பாழான பாலாற்றைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாத மனுஷன், கடையை மகனிடம் கொடுத்த கையோடு பழைய ரோஜாக்களைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். சங்கம், லெட்டர்பேடு, தலைவர் பதவி எல்லாம் அவரே ஏற்பாடு செய்துகொண்டதுதான்.

“நல்லா பாருங்க சார். இது போய்ட்டா எங்க தெருவே தவிச்சுப் போய்டும்” என்று கெஞ்சினாள் வஹீதா.

அவர் நன்றாகவே பார்த்தாயிற்று. வெளிறிய ரோஸ் நிறத்தில் நூறு இதழ், நடுவில் பச்சையாக ஒரு கண், கிட்டப் போனால் கிராம்பு வாசனை. அவரிடம் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று கிடையாது.

கணக்குப் போட்டார் அவர். பெயரில்லாத ரோஜாவுக்குத் தன் பெயரைச் சூட்டிவிடலாம். ஆனால் அது வேறு யாரிடமும் இருக்கக் கூடாது.

“இது வேற எந்த வூட்லயாவது இருக்குதா?” என்றார், அக்கறை இல்லாதவர் போல.

“இல்ல சார். இதை வூட்ல யாருமே வெக்க மாட்டாங்க. இன்னாத்துக்குன்னா...”

“எனக்குத் தெரியாதா? உங்களுக்கெல்லாம் ஜாஸ்தி பூக்கிற ஒட்டு ரோஜாதான் வேணும். போய்க் குடிக்கத் தண்ணி கொண்டாம்மா.” கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அவள் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு குச்சிகள் அவருடைய பைக்குள் போயிருந்தன. தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் எதிரிலேயே குர்ஷித்துக்குப் போன் போட்டார். “தம்பி, சாதாரணக் காட்டு ரோஜா. தாராளமா ஜேசிபி விடுங்க.”

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்! மறு வாரமே செடி மண்ணோடு மண்ணாகிப் போனது.

பன்னிரண்டு குச்சிகளில் ஒன்றுதான் வேர் பிடித்தது. ஒன்று போதுமே. அடுத்த வருஷம் வேலூர் மலர்க் கண்காட்சியில் அது கண்ணாடிக் கூண்டுக்குள் பூத்து நின்றது. ‘இன்பராஜ். உலகிலேயே ஒரே செடி’ என்று பலகை வைத்திருந்தார்.

“வேற எங்கயுமே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா சார்?” என்று கேட்டார் நடுவர் பாக்யலட்சுமி.

“தாராளமா மேடம். இதைக் காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.” வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“அட, நம்ம பூவு!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். மகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த வஹீதா.

இன்பராஜ் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். தாய்ச்செடியே இல்லாதபோது இவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்?

“யாரும்மா நீ? உலகத்துலயே இது ஒண்ணே ஒண்ணுதான். தள்ளிப் போ, கண்ணாடியைத் தொடாதே.”

வஹீதா பலகையை இரண்டு முறை படித்துவிட்டு நடுவரிடம் திரும்பினாள்.

“எங்க தெருவுல யார் மௌத்தானாலும் அடக்கம் பண்ணதும் இதுல ஒரு குச்சி ஒடிச்சினு போய் கபர் மேல நடுவோம் மேடம். மய்யத்துப் பூவுன்னு வூட்ல யாரும் வெக்கறதில்ல. கபர்ல இருக்கிறதை ஒடிக்கக் கூடாதுன்னுதான் பங்களாவுல ஒண்ணு வச்சிருந்தாங்க. சார் அதையும் சாய்ச்சுட்டாரு.”

பாக்யலட்சுமி கையெழுத்துக் காகிதத்தையும் இன்பராஜையும் மாறி மாறிப் பார்த்தார். வஹீதா இன்பராஜ் பக்கம் திரும்பினாள்.

“கபர்ஸ்தான்ல முன்னூறு கபர் மேல பூத்துனு இருக்குது. எல்லாத்துலயும் உங்க பேரையா சார் எழுதப் போறீங்க?”