வேலி திருப்பித் தந்த பந்து

வருடத்துக்கு நாற்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவன் லெமுவல். ஒஹையோவில் எங்கள் பேஸ்பால் அணிக்குப் பந்தெறிந்தே அவன் தோள் போய்விட்டது. அவன் பந்துகளை வெறுங்கையால் பிடித்துவந்த ஓவன், 1884 மே மாதம் காய்ச்சலில் செத்துப்போனான்.

செப்டம்பரில் ஒருநாள் காலை, காலி மைதானத்தில் லெமுவல் பலகை வேலியைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தான். பந்து பலகையில் மோதும் சத்தம் கேட்கவில்லை. உள்ளங்கையில் அறையும் சத்தம்தான் கேட்டது. பந்து அவனிடமே திரும்பி வந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"ஓவன்தான். போதும்னாலும் விடமாட்டேங்கிறான்."

பந்தை வாங்கிப் பார்த்தேன். தையலில் ஈர ரத்தம். லெமுவலின் கையில் ஒரு கீறலும் இல்லை. அவன் பந்தை என்னிடமிருந்து வாங்கித் தரையில் வைத்தான்.

"இன்னியோட ஆட்டத்தை விட்டுட்டேன், ஓவன். நீயும் போய்ப் படு."

மைதான வாசலை நெருங்கினோம். பந்து பின்னாலேயே உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. லெமுவல் தோளைப் பிடித்துக்கொண்டு, அதை எடுக்க மெல்லக் குனிந்தான்.